கீழே இறங்கி வந்த கேட்குமேடு

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் யார் செத்தாலும் பாடையின் முன்பக்க இடது மூலை அழகன் அண்ணனின் தோளில்தான் ஏறும். புதைகாடு மலை உச்சியில் இருக்கிறது. முக்கால் ஏற்றத்தில் அவர் நின்றுவிடுவார். "எறக்குங்க, எறக்குங்க, என்னமோ சொல்லணுங்குது" என்பார். பாடையை இறக்குவார்கள். தப்படிக்கிறவர்கள் கையை நிறுத்துவார்கள். அவர் இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றிக் குனிந்து, செத்தவரின் வாயருகே காதை வைத்துக்கொண்டு நிற்பார். ஒரு நிமிடம், சில நேரம் இரண்டு நிமிடம். பிறகு நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்வார். "குளுருதாம்." அல்லது "போகலாமாம்." அதற்கு மேல் செத்தவர் யாரும் பேசியதில்லை.

இருபத்தாறு வருடமாக இதைப் பார்த்துவருகிறேன். பெண்கள் புதைகாட்டுக்குப் போவதில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பக்கத்தில் பாதை மூன்றாகப் பிரியும் இடம்வரை போய் நின்றுவிடுவோம். அங்கிருந்து பார்த்தால் மேலே போகும் பாதை முழுவதும் தெரியும். மற்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். எனக்குக் கூட்டத்தில் அழக் கூச்சம். அதனால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருமுறை அவர் நிமிர்ந்து "கோழி" என்றார். அவ்வளவுதான். செத்தவருடைய மகன் சாவையும் விட்டுவிட்டு, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினான். உண்மையிலேயே ஒரு கோழி கூட்டுக்கு வெளியே நின்றது. கோழிகள் எப்போதும் கூட்டுக்கு வெளியேதான் நிற்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. அன்றிலிருந்து அழகன் அண்ணன் சொன்னால் சொன்னதுதான்.

அவர் எங்கள் தோட்டத்தில் பிறந்தவரல்ல. றொசல்லப் பக்கம் பிறந்து, மீனம்மா அக்காவைக் கட்டிக்கொண்டு, ராகலைக்கு மேலே இருக்கிற எங்கள் டிவிசனுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். எங்கள் ஊர் ஆறாயிரம் அடி உயரம். றொசல்ல அதைவிட இரண்டாயிரம் அடியாவது கீழே இருக்கும். வந்த புதிதில் லயத்துப் படி ஏறினாலே அவருக்கு வாய் திறந்துகொள்ளும். தேயிலையைக் கவ்வாத்து வெட்டப் போகும் ஆட்கள், "றொசல்ல, மூச்ச கையில புடிச்சுக்கிட்டு வா" என்று கூப்பிடுவார்கள்.

கல்யாணமான இரண்டாம் மாதம் எங்கள் லயத்துச் சின்னாயி செத்துப்போனாள். தூக்க வேண்டிய நாலு பேரில் ஒருவர் சாராயத்தில் சின்னாயியைவிட அசையாமல் கிடந்தார். புதுமாப்பிள்ளை முன்னால் வந்து மூலையைப் பிடித்தார். முக்கால் மலை ஏறியதும் அவருடைய கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிட்டன. இறக்குங்கள் என்று கேட்டால், கீழேயிருந்து வந்த பணிய ஊர்க்காரனின் மானம் அன்றோடு முடிந்தது. அந்த நேரத்தில் வாயில் வந்ததுதான் "என்னமோ சொல்லணுங்குது."

சின்னாயி உயிரோடு இருந்தபோது வாயை மூடியதை யாரும் பார்த்ததில்லை. செத்த பிறகும் பேசுவாள் என்பதை நம்ப ஒருவருக்கும் சிரமம் இருக்கவில்லை.

இதை எனக்குச் சொன்னவர் மீனம்மா அக்கா. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் இருப்பது கூரைவரை போகாத ஒரு சுவர். அவர் சொல்லாததும் எனக்குத் தெரியும்.

இந்த மூலைக்கு அழகன் அண்ணன் கொடுத்த மதிப்பு வேறு எதற்கும் கொடுத்ததில்லை. கோயில் கமிட்டியில் அவருக்கு இடமில்லை. தொழிற்சங்கத்தில் கடைசி வரிசை. குடியிருக்கும் காம்பராகூட மாமனார் பெயரில்தான் இருக்கிறது. தோட்டத்தில் அவருடையது என்று இருந்தது அந்த ஒரு மூலை மட்டுமே. சாவுச் செய்தி வந்தால் மற்றவர்கள் முகம் விழும். அவர் முகத்தை விழவைக்கப் பாடுபடுவார்.

மரண உதவிச் சங்கத்துக்குத் தலைவர் யோகேஸ்வரன் அண்ணன். எது நடந்தாலும் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைப்பவர். அழகன் அண்ணன் நின்ற இடத்தில், பெரிய டர்பன்டைன் மரத்தடியில், ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினார். கேட்குமேடு என்று பெயரும் வைத்தார். இந்த வழக்கம் நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் வரும்போதே கொண்டுவந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அழகன் அண்ணன் றொசல்லயிலிருந்து பஸ்ஸில் வந்தவர் என்பது அவருக்கு மறந்துபோனது.

பதினெட்டு வருடம் கல் மரத்தடியில் இருந்தது. மலைக் காற்று பழகிய பிறகு அழகன் அண்ணனுக்கு உண்மையில் நிற்க வேண்டிய அவசியமில்லை. இருந்தாலும் நின்றார், வழக்கமாகிவிட்டதே. அப்புறம்தான் கல் நகர ஆரம்பித்தது. ஒரு சாவில் அவர் மரத்துக்கு வருவதற்கு முன்பே, தண்ணி டேங்குக்குப் பக்கத்தில் நின்றார். அடுத்த சாவிலும் அங்கேயே. யோகேஸ்வரன் அண்ணன் கல்லைப் பிடுங்கி டேங்கடியில் நட்டு, "இப்ப செத்தவங்களுக்கும் அவசரம்" என்றார். இரண்டு வருடம் கழித்து வளைவுப் பாறை. பிறகு மதகு. மதகு எங்கள் பீலியிலிருந்து நாற்பது எட்டுத்தான். நானே எண்ணியிருக்கிறேன்.

போன வருடம் சித்திரையில் பேச்சியம்மாவைத் தூக்கினார்கள். மதகில் இறக்கினார் அழகன் அண்ணன். பெண்கள் இன்னும் அழுது முடிக்கவில்லை.

"ஏன் மாமா, ஆத்தா வாசல்லயே பேச ஆரம்பிச்சிருச்சா?" என்று பேச்சியம்மாவின் மகன் கேட்டது எங்களுக்கே கேட்டது.

மறுபடி தூக்கினார்கள். பாறையில் மறுபடி இறக்கினார். டேங்கில் மூன்றாம் தடவை. அங்கே அவர் சொல்லி இறக்குவதற்கு முன்பே மூலை சாய்ந்து, பேச்சியம்மாவின் ஒரு கால் பூமாலையோடு வெளியே வந்துவிட்டது. பின்மூலையில் இருந்த நிரோஷன் பாய்ந்து பிடித்தான். அவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவன். இருபத்தெட்டு வயது. காலையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, யாரும் துரத்தாமலே ரோட்டில் ஓடுவான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் சங்கம் கூடியது.

"மாமா, இப்படியே போனா பொணத்தோட நீங்களும் போயிருவீங்க. அப்பறம் ஒரு தடவைல ரெண்டு பேரை நாங்க எப்படித் தூக்குறது?" என்றான் நிரோஷன்.

"நான் போனா நீ தூக்காத. நான் நடந்தே போய்க்கிறேன்" என்றார் அழகன் அண்ணன்.

"மூனு எடத்துல ஒக்காந்து ஒக்காந்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். அழகன் அண்ணனும் சிரித்தார். ஆனால் சட்டைக் கையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கு அது சிரிப்பு முறுக்கல்ல என்று தெரியும்.

யோகேஸ்வரன் அண்ணன் தீர்ப்புச் சொன்னார். "ஒரு சாவு தர்றோம் அழகா. அடுத்த சாவு. பழைய எடத்துக்கு, டர்பன்டைன் மரத்துக்குப் போயித்தான் எறக்கணும். அதுக்குக் கீழ எங்க எறக்குனாலும் மூலை நிரோஷனுக்கு."

"சரிங்க" என்றார் அழகன் அண்ணன். அடுத்த சாவு யாருடையது என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் கூட்டம் மொத்தமும் ஒரே பக்கம் திரும்பியது. அங்கே பிளாஸ்டிக் கதிரையில் மாடசாமிக் கங்காணி உட்கார்ந்திருந்தார். எண்பத்துநாலு வயது. இரண்டு வருடமாக இன்றைக்கா நாளைக்கா என்று இருப்பவர்.

"என்னைய ஏன்டா பாக்குறீங்க?" என்றார் கங்காணி.

மறுநாள் அழகன் அண்ணன் டிஸ்பென்சரிக்குப் போனார். கொரோனா காலத்தில் ஒட்சிசன் பார்க்க வந்த விரல் கவ்வி ஒன்று அங்கே இருந்தது. டிஸ்பென்சரி ஐயா அதை அவர் விரலில் மாட்டினார். "தொண்ணூத்தாறு. குதிரை மாதிரி இருக்க."

"அப்ப குதிரைக்கு ஏங்க மூச்சு வாங்குது?"

"குதிரைக்கு சோம்பேறித்தனம்."

இந்தப் பேச்சு அவர் லயத்துக்குத் திரும்புவதற்கு முன்பே லயத்துக்கு வந்துவிட்டது. அதன் பிறகு நிரோஷன் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கனைத்தான்.

ஆனியில் கிருஷாந்தி என்ற பிள்ளை வந்தாள். ராகலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் உடம்பைப் பற்றிப் படிப்பவள். எல்லோரும் டொக்டரம்மா என்றார்கள். "நான் டொக்டர் இல்லங்க, படிக்கிறேன்" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லிக் கடைசியில் விட்டுவிட்டாள். உயர்ந்த இடத்தில் இருக்கிறவர்கள் பத்துப் பேர் வேண்டுமாம். காற்றில் ஒட்சிசன் குறையும்போது, வேலை செய்கிற சதை அதை எப்படிச் செலவழிக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். ரத்தத்தை உறிஞ்சி விற்கப்போகிறார்கள் என்று முதலில் ஒருவரும் போகவில்லை. ஆளுக்கொரு டவல் உண்டு என்றதும் பத்துப் பேர் ரத்தம் கொடுக்கத் தயாரானார்கள். நான் ஒன்பதாம் ஆள்.

குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில்தான் சோதனை நடந்தது. கெண்டைக்காலில் நெருப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கட்டினாள். அதிலிருந்து சிவப்பு வெளிச்சம் தோலுக்குள் போகும். கம்பியூட்டரில் ஒரு கோடு ஓடும். சதைக்குள் இருக்கிற ரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு மிச்சம் என்று அந்தக் கோடு காட்டும். தையல் மெஷின் மாதிரி ஒரு பலகையை மிதிக்க வேண்டும். முதலில் சும்மா காற்றில் ஐந்து நிமிடம். பிறகு ஓய்வு. பிறகு முகமூடி போட்டு, நம் ஊரைவிட இன்னும் ஒரு மடங்கு உயரத்தில் இருக்கிற மெலிந்த காற்றில் ஐந்து நிமிடம்.

முதலில் நிரோஷன் போனான். சும்மா காற்றில் கோடு கொஞ்சம் இறங்கி, பிறகு நேராகப் போனது. முகமூடி போட்டதும் அதே மிதிக்குக் கோடு நன்றாகக் கீழே இறங்கியது. ஆனால் கால் நிற்கவில்லை. நாலாம் நிமிடத்தில் முகம் சிவந்து, மிதி கனத்து, எப்படியோ முடித்தான்.

"பாத்தீங்களா?" என்றாள் கிருஷாந்தி. "மிதி அதே மிதிதான். அதனால காலுக்கு வேணுங்கிற ஒட்சிசனும் அதே அளவுதான். காத்து மெலிஞ்சிருச்சேன்னு கால் கொறைச்சுக் கேக்காது. வர்ற ரத்தத்துல சரக்கு கொறைஞ்சா, மொதல்ல ரத்தத்தைக் கூடக் கூப்புடும். அப்பறம் வந்ததை இன்னும் இறுக்கிப் பிழியும். தேத்தண்ணிக் கடையில ஆள் கூடிட்டா அதே தூள்பையை மறுபடி பிழியுறாங்களே, அது மாதிரி."

"எங்க கடையில மூனாந்தரமும் பிழிவாங்க" என்றார் யோகேஸ்வரன் அண்ணன்.

"மூனாந்தரம் என்ன வரும்?"

"சுடுதண்ணி."

"அதேதாங்க. ஒரு அளவுக்கு மேல பிழிய ஒன்னும் இருக்காது. அப்ப சதை சோந்துரும், நின்னுரும்."

அடுத்தது அழகன் அண்ணன். முகமூடி இல்லை, சும்மா காற்று. கோடு பீலியில் தவறவிட்ட செம்பு மாதிரி விழுந்தது. நிரோஷனுடைய கோடு முகமூடியோடு போன இடத்தையும் தாண்டிப் போனது. இரண்டாம் நிமிடத்தில் அவர் கால் நின்றுவிட்டது. "பலகை என்னமோ சொல்லணுங்குது" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. கிருஷாந்தி கம்பியூட்டரைத் தட்டினாள். பெட்டியைக் கழற்றி அடுத்த காலில் கட்டினாள். அதே கதை. நிரோஷன் காலில் கட்டினாள். பெட்டி ஒழுங்காக வேலை செய்தது. விரல் கவ்வியை மாட்டினாள். தொண்ணூற்றாறு.

"அதான் சொன்னாங்களே, குதிரை" என்றான் நிரோஷன்.

"எப்ப இருந்துங்க இப்படி?" என்று அவள் கேட்டாள்.

"பொறந்ததுல இருந்தே இப்படித்தாங்க. பணிய ஊர்ல பொறந்தவன்."

அது பொய். பதினெட்டு வருடம் அந்தக் கல் மரத்தடியில் இருந்தது. சொல்லாமலிருக்கத்தான் நினைத்தேன்.

"கல்லு எறங்கி வருதுங்க" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். யார் பேசியது என்று யோகேஸ்வரன் அண்ணன் எனக்குப் பின்னாலும் பார்த்தார். வேறு வழியில்லாமல், டவலைப் பிடித்துக்கொண்டு மீதியையும் சொன்னேன். மரம், டேங்கு, பாறை, மதகு. எந்தெந்தச் சாவில் எங்கெங்கே இறக்கினார் என்பது. எட்டு வருடத்தில் மூன்று தடவை கல் இடம் மாறியது. சுருங்கச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கிருஷாந்தி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். பிறகு எழுந்துபோய் அழகன் அண்ணனின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். தேங்காய்ச் சில்லு மாதிரி வெளுத்திருந்தது.

"ரத்தம் பத்தாதுங்க இவருக்கு. இந்தக் கவ்விக்கு அது தெரியாது. கொழுந்துக் கூடை எல்லாம் நெறைஞ்சு வருதான்னுதான் அது பாக்கும். எத்தனை கூடை வருதுன்னு பாக்காது. இவருக்கு வர்ற கூடை எல்லாம் நெறைஞ்சுதான் இருக்கு. ஆனா வரவேண்டிய கூடையில பாதிதான் வருது."

தோட்டத்தில் இதை விளங்காதவர்கள் யாரும் இல்லை. யோகேஸ்வரன் அண்ணனே தலையாட்டினார்.

"எங்கயாச்சும் ரத்தம் போகுதாங்க?" என்று கிருஷாந்தி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ச்சே, ச்சே" என்றார் அழகன் அண்ணன்.

வாசலில் நின்ற மீனம்மா அக்கா உள்ளே வந்துவிட்டார். "என்னா ச்சே? எட்டு வருசமா இந்த மனுசன் கட்டுற சாரத்தை நான் தனியா தொவைக்கிறேன். கோழி கூவுறதுக்கு முந்திப் பீலிக்குப் போறேன். எதுக்காம், குளுரு பத்தலன்னா? மூலம் டொக்டரம்மா. கேட்டா, சொன்னா மானம் போயிருங்கிறாரு. இப்ப எதை வச்சுக்கிட்டு மானத்தைக் காப்பாத்துறாரு, கேளுங்க."

நான் டவலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாரங்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் சொல்லவில்லை.

"மாமா, அப்ப செத்தவங்க பேசுறது காதுல இல்ல போல. வேற எங்கயோ கேக்குது" என்றான் நிரோஷன்.

"அது வேற டிப்பாட்மெண்டுடா" என்றார் அழகன் அண்ணன். அந்த நிலையிலும் அவருக்குப் பதில் வந்தது.

கிருஷாந்தி கடிதம் எழுதிக் கொடுத்தாள். டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். பதின்மூன்று இருக்க வேண்டியது ஆறு புள்ளி நாலு இருந்தது. இந்த ரத்தத்தோடு பிணத்தை வேறு தூக்குகிறாயா என்று டொக்டர் திட்டினாராம். மூலத்துக்கு வைத்தியம் செய்து, இரண்டு நாள் குப்புறப் படுக்கவைத்து, இரும்புச் சத்து மாத்திரையோடு அனுப்பினார்கள். கால் பழையபடி ஆக மூன்று மாதமாவது செல்லும் என்றார்கள். மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள், வெளியே கறுப்பாகப் போகிறது என்று சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே சத்தம். "அது மாத்திரை நெறங்க, கத்தாதீங்க, நாகலெட்சுமிக்குக் கேக்கும்" என்றார் மீனம்மா அக்கா. எனக்குக் கேட்டது.

ஆனால் மூன்று மாதம் யார் கையில் இருக்கிறது? மாடசாமிக் கங்காணி கையில் இருந்தது.

கங்காணி வீடு எங்களுக்கு மறுபக்கச் சுவர். ஆடி பிறந்ததிலிருந்து அழகன் அண்ணன் தினமும் சாயந்தரம் கிரீம் கிராக்கர் பக்கட்டோடு அங்கே போனார்.

"எப்படிங்க இருக்கு, கங்காணி ஐயா?"

"ஏன், அவசரமா?"

"ஐயோ, அவசரமே இல்லைங்க. நீங்க ஐப்பசி வரைக்கும் தாங்குனா போதும். டொக்டரு மூனு மாசங்கிறாரு."

"சாவப்போறவனுக்குத்தான்டா டொக்டர் நாள் சொல்லுவான். ஒன் காலுக்கு நாள் சொல்லி, அதுக்கு நான் காத்துக் கெடக்கணுமா?"

"ஒரே ஒரு ஒதவிங்க. இந்த ஊருல எனக்கு அந்த மூலையை விட்டா என்னா இருக்கு?"

"டேய், பெரட்டுக்கு ஒரு நாளாச்சும் நேரத்துக்கு வந்திருக்கியாடா? மணி அடிச்சு முடிச்சப்பறம்தான் வருவ. இப்ப நான் மட்டும் ஒனக்கு நேரம் பாத்துச் சாகணும்."

பெரட்டு என்பது காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் கூட்டம். கங்காணி வேலையில் இருந்த இருபத்திரண்டு வருடமும் அதற்கு மணியடித்தவர் அவர்தான்.

கங்காணிக்கு இந்தக் காத்திருப்பு பிடித்துப்போனது. இரண்டு வருடமாக அவர் சாவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். சாகாமலிருக்க வேண்டும் என்று கெஞ்சியவர் இவர் ஒருவர்தான். கிராக்கரைத் தேத்தண்ணியில் தொட்டுத் தொட்டுத் தின்றார். நிறமே மாறியது. "கங்காணி தேறிட்டாரு, இனி அவருக்கு முந்தி நான்தான் போவேன் போல" என்று நிரோஷன்கூடச் சலித்துக்கொண்டான். புரட்டாசியில் ஒருநாள் அவருக்கு மூச்சு இழுத்தபோது அழகன் அண்ணன் கொழுந்து மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "நாலு வாரம் பாக்கி இருக்குங்க!" என்று அவர் கத்தியது லயம் முழுவதும் கேட்டது. கங்காணி கண்ணைத் திறந்து, "இன்னைக்கு இல்லடா, போயி வேலையைப் பாரு" என்றார்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு சாயந்தரம் கங்காணி கேட்டார். "அங்க நான் என்னா சொன்னேன்னு சொல்லப்போற?"

"இன்னும் யோசிக்கலங்க."

"நீ யோசிக்காத. குளுருது, கோழின்னு ஒளறுவ. நானே சொல்லித் தாரேன். கிட்ட வா."

அதற்குப் பிறகு அவர் சொன்னது மட்டும் எனக்குக் கேட்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் அந்தச் சுவர் என்னை ஏமாற்றியது அன்று ஒருநாள்தான்.

கார்த்திகை நாலாம் தேதி மாடசாமிக் கங்காணி செத்துப்போனார். கேட்ட மூன்று மாதத்துக்கு மேலேயே கொடுத்துவிட்டார்.

காலையிலிருந்து தூறல். பாதை வழுக்கியது. கங்காணி மெலிந்த ஆள்தான், ஆனால் மகன்கள் பெருமைக்காகப் பாடையைக் கனமாகக் கட்டியிருந்தார்கள். நாங்கள் பீலியடியில் நின்றோம். மீனம்மா அக்கா அழுதுகொண்டே ஒரு கண்ணால் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மதகு வந்தது. போனது. வளைவுப் பாறையில் நிரோஷன் பின்மூலையிலிருந்து எட்டிப் பார்த்தான். அழகன் அண்ணன் திரும்பவில்லை. தண்ணி டேங்குக்குப் பக்கத்தில் அவர் கால் சறுக்கியது. பாடை ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. யோகேஸ்வரன் அண்ணன் இறக்குவதற்குக் கையை நீட்டியதும் தெரிந்தது. மீனம்மா அக்கா அழுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அழகன் அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். காலைச் சேற்றிலிருந்து பிடுங்கி வைத்தார். ஏறினார்.

டர்பன்டைன் மரம் வந்தது. அவர் பாட்டுக்கு அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். நிற்க வேண்டிய காரணம் காலில் இல்லை. அதனால் மறந்துவிட்டார். யோகேஸ்வரன் அண்ணன் குடையைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினார்.

"யோவ் அழகா! எறக்குய்யா! கேக்காம தூக்கிக்கிட்டுப் போறியே!"

திரும்பி வந்து மரத்தடியில் இறக்கினார்கள். நிரோஷன் மரத்தில் சாய்ந்துகொண்டு வாயால் மூச்சுவிட்டான். அழகன் அண்ணன் குனிந்து காதை வைத்தார். கை இரண்டும் முட்டிக்குப் போகவில்லை, சும்மா தொங்கின. பிறகு நிமிர்ந்து, எங்கள் பக்கம் திரும்பினார். எப்போதும் அவர் சொல்வது பக்கத்தில் நிற்பவர்களுக்கே பாதிதான் கேட்கும். அன்று பள்ளத்தைத் தாண்டிப் பீலிவரை வந்தது.

"பொம்பளைங்களுக்குச் சொல்லச் சொல்றாரு! இருவத்திரெண்டு வருசம் பெரட்டு மணியக் கால் மணி நேரம் முந்தி அடிச்சாராம்! தொரைக்குப் பயந்துக்கிட்டு அடிச்சாராம்! மணிக்கூடு அவருகிட்டதான் இருந்துச்சாம்! தப்புதானாம்!"

கீழே அழுகை நின்றுவிட்டது. ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தவள் பாதி வரியில் வாயைத் திறந்தபடி நின்றாள். அரை ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு, பிள்ளைக்குத் தலை சீவாமல், அந்த மணிக்காக மேடு ஏறிய காலைகள் எங்கள் எல்லோருக்கும் இருந்தன. அந்தக் காலத்தில் லயத்தில் இரண்டு வீட்டில் கடிகாரம் இருந்தது. மணி அடிக்கும்போது தங்கள் கடிகாரம்தான் பிந்தி ஓடுகிறது என்று அவர்கள் திருத்தி வைத்துக்கொண்டார்கள். அதில் ஒன்று எங்கள் வீடு.

"நாசமாப் போறவன்" என்றார் மீனம்மா அக்கா.

"அதான் போயிட்டாரேக்கா" என்று யாரோ சொன்னார்கள். ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும். மேலே தப்புச் சத்தம் மறுபடி தொடங்கும்வரை ஒருவரும் அழவில்லை. தொடங்கிய பிறகும் சரியாக அழ வரவில்லை.

இருபத்தாறு வருடத்தில் அழகன் அண்ணன் சொன்னவற்றுள், செத்தவர் உண்மையாகச் சொன்னது அது ஒன்றுதான். அதற்கும் கோழிக்கும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கிருஷாந்தி தன் ஆராய்ச்சியை முடித்து, அதன் முடிவைத் தமிழில் ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தாள். பிள்ளைக் காம்பராக் கதவில் ஒட்டியிருக்கிறது. அதில் ஒன்பது பேர் என்றுதான் இருக்கிறது. அழகன் அண்ணனுக்கு நோய் இருந்ததால் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லையாம். டவலைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நிரோஷன் அவரைத் துரத்திக்கொண்டிருக்கிறான்.

இப்போது முன்பக்க இடது மூலை அழகன் அண்ணனுடையதுதான். போன மாதம் பார்த்தபோது ரத்தம் பன்னிரண்டு புள்ளி ஆறு. மாத்திரை இன்னும் விழுங்குகிறார். மீனம்மா அக்கா எங்களோடு சேர்ந்தே பீலிக்கு வருகிறார். மரத்தடியில் பாடை முன்னைவிட நேரம் நிற்கிறது. அண்ணனுக்கு மூச்சு இருப்பதால் செத்தவர்கள் இப்போது நீளமாகப் பேசுகிறார்கள். கடைசியாகப் போனவர் ஏழு நிமிடம் பேசினார். நிரோஷன் அந்த ஏழு நிமிடமும் மரத்தில் சாய்ந்து நின்றான். யோகேஸ்வரன் அண்ணன் திரும்ப நட்ட கல் டர்பன்டைன் மரத்தடியில் இருக்கிறது. நகரவில்லை.